எனக்குள் கதிர் தங்கவில்லை. என் இருக்கையைத் திரும்பத் தாருங்கள்

அனுப்புநர்:
புகார்ப் பிரிவு எழுத்தர் (தற்போது கோப்பு அறையில்),
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
மேற்படி அலுவலகம், மாடி.

பொருள்: கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் என்னால் சக ஊழியருக்கு ஆபத்து எனக் கருதி இருக்கை மாற்றப்பட்டது – பழைய இருக்கையையே திரும்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பல ஆண்டுகளாகப் பொதுமக்களிடம் மனு வாங்கி, "சுருக்கமா எழுதுங்க, கதை வேண்டாம்" என்று விரட்டியவள் நான். இம்மனு நீண்டுவிட்டால், வினை விதைத்தவள் அறுக்கிறாள் என்று பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் இடது மார்பகத்தில் சிறு கட்டி இருந்ததும், ஆரம்ப நிலை என்பதால் அதை மட்டும் அறுத்து எடுத்ததும் தாங்கள் அறிந்ததே. கட்டிதான் போய்விட்டதே, கதிர் எதற்கு என்று மருத்துவரிடம் வாதாடினேன். "கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு ரெண்டு செல் ஒளிஞ்சிருக்கலாம்மா. அது தலைதூக்கக் கூடாதுன்னுதான்" என்றார். குழாய் உடைப்பை அடைத்த கையோடு, கசிவு நின்றதா என்று பாராமலே பள்ளத்தை மூடும் அலுவலகத்தில் பழகியவள் ஆதலால், இந்த முன்யோசனை எனக்குப் புதுமையாக இருந்தது.

2. தினமும் காலையில் சிகிச்சை முடித்து நேரே அலுவலகம் வருகிறேன். இதயத்தில் கதிர் படாதிருக்க, மூச்சை இழுத்துப் பிடித்து அசையாமல் கிடக்கச் சொல்கிறார்கள். "கொஞ்சம் வாயை மூடிட்டு இரேன்" என்று கல்யாணமான நாள்முதல் என் வீட்டுக்காரர் கெஞ்சியும் நடக்காத காரியம், அங்கே முதல் நாளே நடந்தது. கதிர் பட வேண்டிய இடத்தைக் குறித்து மார்பில் போட்ட மைக்கோடுகள் அழியக்கூடாதென்று காக்காய்க் குளியல்தான் குளிக்கிறேன். தோல் எரிகிறது, களைப்பு ஆளை அடிக்கிறது. சென்ற வாரம், தண்ணீர் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தவர் எதிரிலேயே தூங்கிப்போனேன். "அம்மா, நான் இன்னும் திட்டி முடிக்கல" என்று அவரே எழுப்பினார். இதில் என் தரப்பில் சொல்ல ஏதுமில்லை.

3. என்னருகே அமரும் தட்டச்சர் கர்ப்பிணி. "உங்க மேல இருக்கற கதிர் அந்தக் குழந்தைக்குப் பட்டுடும்மா, கொஞ்ச நாள் தள்ளி இருங்க" என்று தலைமை எழுத்தர் என் மேசையைக் கோப்பு அறைக்கு மாற்றினார். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவரைக் குறைகூற எனக்குத் தகுதியும் இல்லை. முதல் சிகிச்சை முடிந்த அன்று குளியலறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, உடம்பு மினுமினுக்கிறதா என்று பார்த்தவள் நான். மினுக்கவில்லை. சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. மகளின் கைக்குழந்தை என்னைக் கண்டு கை நீட்டும்போதெல்லாம் அடுப்படிக்குள் ஓடி ஒளிந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு, மெஷினை இயக்கும் பெண்ணிடம் கேட்டேன். "மெஷின் நின்னா கதிரும் நின்னுடும்மா. உங்க உடம்புல எதுவும் தங்காது. போய்ப் புள்ளையத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். மருத்துவரும் அவ்வாறே எழுதித் தந்துள்ளதை இணைத்துள்ளேன்.

4. கோப்பு அறையில் கால் ஒடிந்த நாற்காலிகளும், கண்ணாடி உடைந்த மீட்டர்களும், நானும் இருக்கிறோம். நோயின் பெயரைக் கேட்டு அழாதவள், கத்திக்கு அழாதவள், இந்தச் சாமான்களோடு சாமானாக உட்கார்ந்தபோது அழுதேன். அழுதால் என் முகம் பார்க்கச் சகிக்காது. ஆகவே அலமாரிக்குப் பின்னால் போய் அழுதேன்.

5. நேற்று அந்தத் தட்டச்சரே தன் நாற்காலியை இழுத்துவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அக்கா, எனக்காகப் பயந்தவங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? நான் எங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், ஒண்ணும் ஆகாதாம்" என்றார். இப்போது நகர மறுக்கிறார். முகப்பில் புகார் வாங்க ஆளில்லாததால், தண்ணீர் வராத தெருக்காரர்கள் விசாரித்துக்கொண்டு இங்கேயே வந்து என் மேசையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். நான் என்ன சிகிச்சைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லியும் ஒருவரும் ஓரடி விலகவில்லை. குழாய் வறண்டவரைக் கதிர் என்ன செய்துவிடும்?

ஆகவே, என் மேசையைப் பழைய இடத்திலேயே போடவும், சிகிச்சை முடியும்வரை மதியத்தில் சற்றுக் கண்ணயரவும் அனுமதி தந்து உதவ வேண்டுகிறேன். மேசை தூக்க ஆள் தேட வேண்டியதில்லை. சூழ்ந்து நிற்பவர்களே தூக்கி வருவதாகச் சொல்கிறார்கள். ஆனால் முதலில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டுமாம்.

இடம்: கோப்பு அறை
நாள்: புதன்கிழமை

தங்கள் உத்தரவுக்கு விழித்துக் காத்திருக்க முயலும்,
(ஒப்பம்)
புகார்ப் பிரிவு எழுத்தர்