மந்துக்குப் போன ஞாயிறு

மே 9, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. கிராம சுகாதார செவிலியர் வேலை. இடம்தான் — ஊட்டிக்கும் மேலே, தோடர் மந்துகளுக்கு நடுவே ஒரு துணை சுகாதார நிலையம். மந்து என்றால் அவர்களின் குடியிருப்பாம்.

மாமி சுவரைப் பார்த்துக் கேட்டார்கள்: "புருசனை விட்டுட்டு மலையில போயி யாருக்கு ஊசி போடப் போறாளாம்?"

மே 12, திங்கள்

என் கணவர் பாரூக் எங்கள் பாத்திரக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அண்ணாச்சி, டிரான்ஸ்பருக்கு வழி இருக்கா?" என்று கேட்கிறாராம். என்கிட்ட கேட்டீங்களா? படிச்சது நான். நாலு வருசமா காத்துக் கெடந்தது நான்!

மே 15, வியாழன்

"சரி, போயி பாத்துட்டு வருவோம். பாத்தா நீயே வேண்டாம்னுருவ." கணவர் மனமிறங்கிய அழகு இது.

மே 17, சனி

கல்லாறு சோதனைச் சாவடியில் பாரூக்கின் போனில், ஊட்டிக்குப் போக வாங்கிய இ-பாஸ் திறக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. மேலே ஏறினால் மழை. ஊட்டி முழுக்கக் கூட்டம். அறையில் வெந்நீர் இல்லை. கோவில்பட்டி வெயிலில் வெந்த உடம்பு, பல் கிட்டுகிறது. ஒவ்வொரு குறைக்கும் பாரூக் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், நானே ஏற்பாடு செய்ததுபோல.

மே 18, ஞாயிறு

நிலையம் பூட்டிக் கிடந்தது. ஞாயிறு என்பதால் இல்லை. நர்ஸ் வந்தே வெகுநாள் ஆயிற்றாம். பாரூக் முகத்தில் அப்படியொரு வெற்றி. சாவி மந்தில் ஒருவரிடம் இருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள். "பூட்டைப் பாத்தாச்சுல்ல, போதும்" என்றார் பாரூக். நான் நடக்கத் தொடங்கியதும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

புல்வெளியில் ஊரே கூடியிருந்தது. எல்லோர் தோளிலும் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை. ஏழாம் மாதக் கர்ப்பிணிக்குக் கணவன் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்காம்; பிறக்கப்போவது தன் பிள்ளை என்று ஊரறியச் சொல்வதாம். நான் தெரியாமல் கோயில் பக்கம் நகர, "பெண்கள் அங்கே போகக் கூடாதும்மா" என்று ஒரு பெரியவர் தடுத்தார். இங்கேயுமா?

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தேவிகா. கால் மட்டுமல்ல, முகமும் வீங்கியிருந்தது. பக்கத்தில் போய்க் கேட்டேன். "தலை ரொம்ப வலிக்குது அக்கா. கண்ணு மங்குது. இன்னிக்குப் போயி எப்படிச் சொல்றது?"

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். யார் நீ என்று கேட்டார்கள். நர்ஸ் என்றேன். "எந்த ஊர் நர்ஸ்?" என்ன சொல்வது? இன்னும் வேலையில் சேரவே இல்லையே. பாரூக் கையைப் பிடித்து இழுத்தார். "நமக்கு எதுக்கு வம்பு? வா." நான் கத்திவிட்டேன். "அந்தப் புள்ளைக்கு வலிப்பு வந்துரும்ங்க! ரெண்டு உசுரு!"

தேவிகாவின் கணவன் பெரியவரிடம் அவர்கள் மொழியில் என்னவோ சொன்னான். பாட்டு, ஆட்டம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மரத்தடி விளக்கின் முன்னால் வில்லை அவள் கையில் கொடுத்தான். அவள் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் சடங்கு.

ஆம்புலன்ஸ் கீழேயிருந்து ஏறிவர நேரமாகும் என்றார்கள். பாரூக் நாங்கள் வந்த வேனைப் புல்வெளி வரைக்கும் கொண்டுவந்து தேவிகாவை ஏற்றிக்கொண்டார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே ஊட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

மே 19, திங்கள்

ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். தேவிகாவை அனுமதித்துவிட்டார்கள். மலை இறங்கும்போது பாரூக்கிடம் கேட்டேன்: "இப்பவாவது சொல்லுங்க, நான் சேரட்டுமா?"

"வளைவு வருது. பேசாம இரு."

திரும்பவும் அதே கதைதானா?

மே 26, திங்கள்

மாமி இன்றும் சுவரிடம் ஆரம்பித்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பாரூக் தலை நிமிராமல் சொன்னார்: "அங்கன நர்சு இல்லம்மா. நானே பாத்தேன்." மாமி எழுந்து போய்விட்டார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

மலையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறது. குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது. எழுதிக் கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மாமி போனில் இன்னும் பேசுவதில்லை.

தேவிகாவுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரில் இருக்கிறது. எடை ஏறுகிறதாம்.

சாயங்காலம் பாரூக் கூப்பிட்டார். "இங்கன ஒரே காத்தும் புழுதியும். அங்கன மழையா?"

ஒழுகும் கூரையைப் பற்றிப் புலம்பித் தீர்த்தேன்.

"வெள்ளிக்கிழமை கடையடைச்சுட்டு வாரேன். எந்தப் பக்கம் ஒழுகுதுன்னு பாத்து வையி."