ரொட்டிக்குள் இருந்த பொம்மை

ஜனவரி 6, 2019, ஞாயிறு

மூன்று ராஜாக்கள் திருநாள். அம்மாவின் அக்கா ஒப்துலியா பெரியம்மா வீட்டில் வட்ட ரொட்டி வெட்டினோம். உள்ளே வைத்துச் சுட்ட பிளாஸ்டிக் குழந்தை இயேசு என் துண்டில் வந்தது. யாருக்கு வருகிறதோ அவர்தான் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமாலே செய்து போட வேண்டும். சோள மாவும் இறைச்சியும் சோளத் தோலில் மடித்து அவிக்கும் அந்த வேலைக்குப் பயந்தே எலியூத்தெரியோ பெரியப்பா வருடாவருடம் பொம்மையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காப்பி குடிப்பார். எனக்கு அந்தப் புத்தி இல்லை. பெருமையாகத் தூக்கிக் காட்டினேன்.

பெரியம்மா சிரித்தாள். "பாவம், அவளை விடுங்க. போலந்துக்காரிக்கு இதெல்லாம் எதுக்கு?" என் கையிலிருந்து பொம்மையை எடுத்து மருமகள் ஃபாபியோலாவிடம் கொடுத்தாள். "இந்தா, நம்ம பொண்ணு."

நம்ம பொண்ணு! ஆறு மாதம் முன்பு டெக்சஸிலிருந்து கல்யாணமாகி சிகாகோவுக்கு வந்தவள். மாநிறம், கருங்கூந்தல், பொருத்தமான குடும்பப் பெயர். ஸ்பானிஷ் மட்டும் ஒரு வார்த்தை வராது. பெரியம்மா ஸ்பானிஷில் விளக்க விளக்கத் தலையாட்டினாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது. சொல்லவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்?

அப்பா போலந்துக்காரர்தான், ஆனாலும் அம்மா இருந்தவரை இந்த வீட்டில் யாரும் என்னைப் போலந்துக்காரி என்றதில்லை. அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவளோடு நானும் இந்த வீட்டை விட்டுப் போய்விட்டேனா?

ஜனவரி 7

பாத்திரம் கழுவுவதிலிருந்து மட்டும் போலந்துக்காரிக்கு யாரும் விலக்குத் தரவில்லை.

ஜனவரி 15, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் என் மேசைக்கு ஒரு அம்மாள் வந்தாள். ஸ்பானிஷில் வணக்கம் சொன்னேன். என் நீலக் கண்ணைப் பார்த்தாள், சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தாள்: நெரெய்தா வோய்சிக். "நெசமாவே ஸ்பானிஷ் பேசறவங்க யாரும் இல்லையாம்மா?" என்று என்னிடமே கேட்டாள். ஸ்பானிஷில்தான் கேட்டாள்!

அப்பா வீட்டு அத்தைமார் மட்டும் என்ன ஒழுங்கு? நான் போனால் முதலில் மிளகாய்ப் பொடி டப்பாவைத்தான் என் முன்னால் வைப்பார்கள். "உனக்கு இது இல்லாம இறங்காதே." எனக்குக் காரமே ஆகாது. முப்பத்து மூன்று வருடமாக அவர்களுக்கு அது தெரியவில்லை.

ஜனவரி 19

ஃபாபியோலாவைக் கடையில் பார்த்தேன். சாவிக் கொத்தில் பொம்மை தொங்குகிறது. "அதிர்ஷ்டமாமே அக்கா! எப்பவும் கூடவே வெச்சிருக்கேன்."

"ஆமாம்மா, பத்திரமா வெச்சுக்கோ" என்றேன். என்ன பெண் நான்!

ஜனவரி 27, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். இரண்டாம் தேதி எல்லோரும் வெறும் மேசையைப் பார்த்து முழிக்கும் நேரத்தில் நான் பானையோடு நுழைவேன். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மாவின் பெரிய பானையை இறக்கி ஒத்திகை பார்த்தேன். மாவு உருண்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கியது. இன்னும் பிசைந்தேன். மூழ்கியது. நான்காம் தடவை மிதந்தபோது அழுகை வந்துவிட்டது — மாவைப் பார்த்து அழும் கழுதை.

பிப்ரவரி 2, சனி

நினைத்தபடியே நடந்தது. பதினாறு பேர், வெறும் மேசை. ஃபாபியோலா சாவிக் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "எனக்கு யாருமே சொல்லலையே." பெரியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் பானையோடு நுழைந்தேன். கைதட்டினார்கள். என்ன ஒரு நிமிடம்!

பெரியம்மா முதல் தமாலேயைப் பிரித்தாள். உள்ளே பச்சை மாவு. இரண்டாவதும் அப்படித்தான். மூன்று மணி நேரம் அவித்தேனே!

கோபக்காரி கை பட்டால் தமாலே வேகாது என்பது இவர்கள் நம்பிக்கை. சுத்தப் பைத்தியக்காரத்தனம். பெரியம்மா நிமிர்ந்தாள். "யாருக்குடி கோவம்?"

வாய் தானாகத் திறந்துகொண்டது. "எனக்குத்தான். அன்னிக்கு என் கையிலேருந்து பொம்மையைப் புடுங்கினீங்களே, அப்போலேருந்து. இவளுக்குப் புரியலன்னு தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல. போதுமா?"

ஃபாபியோலா என்னையே பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

பெரியம்மா பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். கோபம் இறங்கவாம், சோளத் தோலைக் கிழித்துக் கைப்பிடி இரண்டிலும் முடிச்சுப் போட்டாள். "உங்கம்மா செஞ்சாலும் முதல் தடவை பச்சையாத்தான் வரும். அவளுக்கும் மூக்கு நுனியில கோவம். ம், ஆடு."

"என்னது?"

"கோவப்பட்டவ பானை முன்னாடி ஆடணும். அப்பதான் வேகும். உங்கம்மா ஆடலையா? ஆடுடி!"

ஆடினேன். ஃபாபியோலாவும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூட வந்து ஆடினாள். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாப்பிட்டோம். மன்னிப்பா? அதெல்லாம் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லாத சாமான்.

பிப்ரவரி 3

கால் வலிக்கிறது. ஃபாபியோலாவுக்கு ஞாயிறுதோறும் ஸ்பானிஷ் சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டு தொலைத்திருக்கிறேன்.

ஜனவரி 6, 2020, திங்கள்

பொம்மை மறுபடி எனக்கே. பல்லில் தட்டியதுமே தெரிந்துவிட்டது. நாக்குக்கு அடியில் தள்ளிக்கொண்டு காப்பிக் கோப்பையை எடுத்தேன். எதிரே பெரியப்பா கண்ணடித்தார்.

பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "நெரெய்தா, வாயைத் தொற."

இல்லை என்று தலையாட்டினேன்.

"துப்புடி திருட்டுக் கழுதை! இந்தக் குடும்பத்துல பொறந்தது ஒண்ணாவது ஒழுங்கா இருக்கா?"

துப்பினேன். இந்த வருடம் இருபத்திரண்டு பேராம். நாசமாய்ப் போக.