விசாலத்தின் தலையணை

என் அன்பு விசாலம்,

உன் மழலை வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன். சிரிக்காதே. வேலைக்குப் போகும் தொம்மலூர் அம்மாக்கள் இன்றும் ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை நம் முன்னறையில் விட்டுப் போகிறார்கள். பால் பாக்கெட்டிலிருந்து வருகிறது என்று அடித்துச் சொல்லும் பிள்ளைகள். உன்னைப் போல மாடாக நடித்துக் காட்ட எனக்குக் கூச்சம். அதனால் பொருளையே கையில் கொடுத்துவிடுகிறேன்: உமியோடு நெல், மண்ணோடு வேர்க்கடலை.

போன வாரம் பஞ்சு. இலவங்காய் தேடி மார்க்கெட் முழுக்க அலைந்தேன். பருவமில்லை என்றார்கள். வீட்டில் இலவம்பஞ்சு ஒரே இடத்தில்தான் இருந்தது. உன் பாயையும் போர்வையையும் வெளியே எறிந்த அன்று, யாருக்கும் தெரியாமல் நான் பீரோவில் ஒளித்துவைத்த தலையணை.

ஓரத்தைப் பிரித்தேன். பிள்ளைகள் ஊதி ஊதிப் பறக்கவிட்டார்கள். நித்யா மட்டும் தையலில் சிக்கியிருந்த எதையோ இழுத்தாள். நீளமான நரைமுடி.

"தாத்தா, இது எந்த மரத்துல காய்க்கும்?"

"அது மிஸ்ஸோட முடிம்மா. மிஸ்ஸோட தலைகாணி."

சாயங்காலமே அவள் அம்மா வந்துவிட்டாள். "என்ன அங்கிள் இது? செத்தவங்க தலைகாணியப் போய் கொழந்தைங்க கையில குடுப்பாங்களா? பாக்கெட் பூரா பஞ்சு! எங்க மாமியார் அவ தலைக்கு ஊத்தித்தான் வீட்டுக்குள்ளயே விட்டாங்க."

"பஞ்சு எங்கேருந்து வருதுன்னு..."

"மெடிக்கல் ஷாப்ல ஒரு கட்டு வாங்கக் கூடாதா?"

தோன்றவேயில்லை, விசாலம். உனக்குத் தோன்றியிருக்கும், இல்லையா?

மறுநாளிலிருந்து நித்யா வகுப்புக்கு வராமல் நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். இன்று வந்தது ஆயிஷா மட்டும்.

"மிஸ் அந்தப் பஞ்சுக்குள்ள இருக்காங்களாம். நித்யா சொன்னா. நெஜமா தாத்தா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். படித்தவன்தானே? ஆனால் எத்தனை பெருக்கினாலும் பஞ்சு போகவில்லை. நான் உட்கார்ந்ததும் எங்கிருந்தோ மிதந்து வந்து தோளில் இறங்குகிறது. நீ தலை சாய்க்கும் அதே தோளில். நீயா?

"தெரியலம்மா" என்றேன்.

"ஒங்களுக்கு பயமா இருக்கா?"

"ம்."

"அப்ப நாளைக்கும் வரேன்."

அவள் ஒருத்தி வந்தாலும் கதவு திறந்திருக்கும். நாளை மாலை ஒவ்வொரு வீடாகப் போய், தப்பு என்னுடையது, வகுப்பு உன்னுடையது என்று சொல்லிப் பிள்ளைகளைத் திரும்பக் கேட்பேன். இது சத்தியம். முதலில் நித்யா வீடு. பெல்லை அழுத்தாமல் திரும்பிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். நீயும் கூட வா.

உன் பயந்தாங்கொள்ளி வீட்டுக்காரன்