வாயைக் கட்டிய மாரிகாலம்

1936 நவம்பர் 23, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வாவி கலங்கி மண் நிறம். குடையில் ஒரு கம்பி முறிந்துவிட்டது.

நத்தார்ப் பாட்டு தொடங்கினேன், கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் ஒரு மாதம். இருபத்தெட்டுப் பிள்ளைகள். பல்லவி சரி. அனுபல்லவிக்கு ஏறும் இடத்தில் வழக்கம் போலத் தொண்டை அடைத்தது. செருமினேன். ஏறினேன். பாதியில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது.

பத்தொன்பது வருடமாக நத்தார் ஆராதனையில் அந்தப் பாட்டைத் தனியாகத் தொடங்கிவைப்பது நான். இந்த முறை முடியுமா? பாட்டு டீச்சருக்குக் குரல் போனால் மிச்சம் என்ன, வெறும் டீச்சர்.

நவ. 25, புதன்

பெரியாஸ்பத்திரி. பறங்கி டாக்டர். நல்ல மனிதர், தமிழும் பேசுவார். தொண்டைக்குள் சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்தார். ஓங்காளித்தேன். நான் மன்னிப்புக் கேட்க, அவரும் கேட்டார்.

"பதினைஞ்சு நாள் வாயைக் கட்டவேணும், டீச்சர். கட்டினாத்தான் நத்தாரைப் பற்றிக் கதைக்கலாம்."

"கட்டுறன், டாக்குத்தர்."

ஒரு போத்தல் கலவை மருந்து தந்தார். வீட்டில் தங்கை ரூத்திடம் சொன்னதுதான் தாமதம், பட்டியல் போட்டாள். கூடாதவை: றால், தயிர், அன்னாசி, கத்தரிக்காய், புளி விட்ட எதுவும்.

"வாயைக் கட்டுறதெண்டா லேசில்லக்கா. மணத்துக்கே நாக்கு ஓடும், பார்த்துக்க."

அவளுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை.

டிச. 2, புதன்

மழை. பத்தியம் எட்டாம் நாள். மிளகு ரசம், மல்லித்தண்ணீர், மறுபடி மிளகு ரசம். ரூத்தின் புருஷன் சித்தாண்டிப் பக்கம் வட்டைக்குப் போனவர், வயலில் வெள்ளம் வடியாமல் அங்கேயே நிற்கிறார். அவர் பங்கு எருமைத்தயிரையும் ரூத்தே என் முன்னால் உட்கார்ந்து முடிக்கிறாள்.

வகுப்பில் தினமும் இரண்டு மணி நேரம் பாடுகிறேன். பத்தியம் காக்கும் என்ற தைரியத்தில் கொஞ்சம் உரக்கவே.

குரல்: மோசம்.

டிச. 7, திங்கள்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. குரல் அறவே இல்லை. வாயைத் திறந்தால் காற்று.

டாக்டரிடம் ஓடினேன். கண்ணாடி. முகம் சுளித்தார்.

"கதைச்சீங்களா?"

"வகுப்பில பாடினன்," என்றேன் குசுகுசுவென்று.

"பாடினீங்களா! வாயைக் கட்டச் சொன்னேனே, டீச்சர்!"

"கட்டினன், டாக்குத்தர். ஒரு றால் தொடல்ல."

கதிரையில் சாய்ந்துவிட்டார். மருந்து கலக்குகிறவர் கதவுக்குப் பின்னால் சிரித்தது கேட்டது.

"றாலைத் தின்னுங்க, டீச்சர். தயிரையும் தின்னுங்க. பேச்சை நிப்பாட்டுங்க!"

புது உத்தரவு: பேச்சு இல்லை. குசுகுசுப்பும் இல்லை, அது இன்னும் கெடுதியாம். செருமவே கூடாது. தொண்டைக்குள் இருக்கும் இரண்டு நாண்களும் செருமும்போது ஒன்றையொன்று அறைகின்றனவாம். "செருமல் வந்தா எச்சிலை விழுங்குங்க."

பன்னிரண்டு நாள் நல்ல சாப்பாடு வீண். அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் மருந்துப் போத்தலோடு நிற்கிறவளிடம் வாயைக் கட்டு என்றால் இந்த ஊரில் வேறு என்ன அர்த்தம்? பகல் இரண்டு கோப்பை தயிர், சர்க்கரை போட்டு.

டிச. 9, புதன்

கழுத்தில் சிலேட்டு. அரிசிக்காரிக்கும் எழுதிக் காட்டுகிறேன், அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

காத்தான்குடி முஸ்லிம் அண்ணன், நம் பிடவைக்காரக் காக்கா, துணிமூட்டையோடு வந்தார். சிலேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "டீச்சரம்மாக்கு ஆரோ வாய்க்கட்டுப் போட்டிருக்கான். வெட்டிவிட ஆள் இருக்கு, நான் கூட்டி வாறன்."

ஆக, மந்திரமும் சேர்ந்துகொண்டது. ஒரே சொல்லுக்கு மூன்று வைத்தியம். "வேண்டாம், காக்கா" என்று எழுதினேன். உண்மையான கவலையோடு போனார்.

டிச. 11, வெள்ளி

தூறல். பேசாமல் வகுப்பு. ரூலரால் தாளம் போட்டேன். பிள்ளைகள் தாங்களாகப் பாடினார்கள், பரவாயில்லை. பல்லவி முடிந்தது. அனுபல்லவிக்கு முன்னால், இருபத்தெட்டுத் தொண்டையும் ஒன்றாக:

க்கும்.

நிறுத்தினேன். சிலேட்டு: ஏன் செருமினீர்கள்?

ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து, "அது பாட்டில உள்ளதுதானே, டீச்சர்? நீங்க அப்பிடித்தானே சொல்லித் தந்தீங்க."

அழித்தேன். மறுபடி ரூலரை எடுத்தேன்.

பின்னேரம் ரூத் தேங்காய் துருவிக்கொண்டே அதே பாட்டை முணுமுணுத்தாள். அதே இடம். க்கும். அவள் என் வகுப்பில் அதைப் படித்துப் பதினொரு வருடம். அப்போதே என் தொண்டை இப்படியா? பயமாக இருந்தது. கைவேலைக் கூடையை எடுத்து ஒழுங்குபடுத்தினேன். ஊசி 7, நூற்கட்டை 4.

டிச. 21, திங்கள்

கண்ணாடி, கடைசித் தரம். இனிப் பேசலாம், மெதுவாக. பாட்டு? டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேல் சுரம் இனி ஏறாது, டீச்சர்."

"நான் பிழையா விளங்கின அந்தப் பன்னிரண்டு நாளாலயா?"

"இல்ல. இது பழைய தழும்பு."

ரூத்தின் செருமலிலிருந்து எனக்கு முன்பே தெரிந்த செய்திதான். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பாலத்தில் பெருமழை. குடைக்குள் நின்று அழுதேன், நன்றாகவே.

தலைமை ஆசிரியைக்குத் துண்டு எழுதினேன்: இம்முறை தனிப்பாட்டு இல்லை. பிள்ளைகள் சேர்ந்து தொடங்குவார்கள்.

டிச. 25, வெள்ளி. நத்தார்

மழை இல்லை. கோவில் நிறைந்த சனம். புது வொயில் சேலை, கரை முரடு.

பிள்ளைகள் தொடங்கினார்கள். இரண்டு வாரம் ரூலரால் மேசையில் தட்டித் தட்டிச் செருமலை மறக்கடித்திருந்தேன். ஒரு சத்தம் இல்லாமல் அனுபல்லவிக்குச் சுத்தமாக ஏறினார்கள். நான் கூட அப்படி ஏறியதில்லை. சந்தோஷம், பொறாமையும்.

மறுதரம் பல்லவி. இப்போது சபை முழுவதும் சேர்ந்தது. முடிந்தது. அனுபல்லவிக்கு முன்னால், பெண்கள் உட்கார்ந்திருந்த வாங்குகளிலிருந்து, பிள்ளைகளின் தாய்மார், ஆஸ்பத்திரி நேர்ஸ்மார், கைக்குழந்தைக்காரிகள், ரூத், என்னிடம் படித்த பத்தொன்பது வருடமும் ஒன்றாக:

க்கும்.

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.