சம்பந்திகள் கட்சி மாறிய மதியம்

தேகு,
மார்ச் 11

அன்புள்ள மகன் கியூஹோவுக்கு,

இங்கே அப்பா, நான், ஹேரிம் மூவரும் நலம். ஹனோயில் உனக்குச் சாப்பாடும் வெயிலும் ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் அனுப்பினால் நீ பாதி படித்துவிட்டு, கரடி ஒன்று குனிந்து கும்பிடும் படத்தை அனுப்பிவைப்பாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படி.

உன் தங்கை ஹேரிமின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மாப்பிள்ளை தோகியோங், அதிபரின் கட்சிக்கே ஓட்டுப் போடும் குவாங்ஜு ஊர்ப் பையன் என்பதால் அப்பா ஒரு வருடம் முறுக்கிக்கொண்டு நின்றது உனக்குத் தெரியும். "அந்த ஊர்க்காரங்க சோறு திங்கிறதுக்கு முன்னாடி அதிபர் படத்துக்குக் கும்பிடு போடுவாங்க" என்பார். இந்த அதிபர் குறைந்தபட்சக் கூலியை உயர்த்திய வருடம் நம் மூக்குக்கண்ணாடி பிரேம் பட்டறையில் இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியதை அவர் இன்னும் மறக்கவில்லை. "வேல குடுக்குறேன்னு வந்த ஆளு என் பட்டறையில வேலயப் புடுங்கிட்டாரு" என்று தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு எந்த அதிபரும் பாத்திரம் கழுவித் தந்ததில்லை, அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.

போன ஞாயிறு இரு வீட்டாரும் முதல்முறை சந்தித்தோம். இரண்டு ஊருக்கும் நடுவில் நம்வோனில் ஒரு உணவகத்தில் தனி அறை எடுத்திருந்தார்கள். காரில் ஏறும்போதே ஹேரிம் கண்கலங்கி, "அப்பா வாயத் தொறந்தா என் கல்யாணம் அவ்ளோதாம்மா" என்றாள். வழி முழுக்க நான் அவருக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். வானிலை பேசுங்க, மீன் நல்லாருக்குன்னு சொல்லுங்க. அப்படியும் அவங்க அதிபர் பேச்சை எடுத்தா, அவங்க மனசு குளிர நாலு வார்த்த நல்லதா சொல்லிட்டு விட்டுடுங்க. அவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், எங்களைக் கண்டதும் இடுப்பு ஒடியக் குனிந்தார். மூன்றாவது தட்டு வந்தபோது அவராகவே ஆரம்பித்தார். "இந்த அதிபர் வந்தப்புறம் உங்கள மாதிரி பட்டறை நடத்துறவங்களுக்குத்தான் கஷ்டம், சம்பந்தி. என் தம்பி கூலி குடுக்க முடியாம கோழி வறுக்குற கடையயே பூட்டிட்டான்" என்றார். உன் அப்பா சோஜு மதுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாக, "அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது, சம்பந்தி" என்றார்!

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வாரத்துக்குப் பத்து மணி நேரம் கிழவர்களுக்கு மஞ்சள் சட்டை மாட்டித் தெருவில் நிறுத்திவிட்டு, நாட்டில் வேலை கூடிவிட்டது என்கிறார்கள் அரசாங்கத்தார், எல்லாம் எண்ணிக்கைக்கு என்றார் சம்பந்தி. உன் அப்பா விடவில்லை. "எழுபத்திரண்டு வயசுக் கிழவி பள்ளிக்கூட வாசல்ல கொடி புடிக்கிறா, அது பொய் வேலைன்னு சிரிக்கிறாங்க. தெருத்தெருவா பழைய அட்டைப்பெட்டி பொறுக்குறத விட்டுட்டாளே, அதுவும் பொய்யா? ஒரு மொதலாளி கண்ணால மட்டும் ஊரப் பாத்தா எப்படி?" என்று மேசையைத் தட்டினார். சம்பந்தி குரலும் ஏறியது. பொரித்த மீனோடு வந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். இதில், தன் கணவரை உதைப்பதாக எண்ணி மேசைக்கடியில் சம்பந்தியம்மா உதைத்தது என் காலை!

கடைசியில் அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. "ஏங்க, காலையில வரைக்கும் இந்த அதிபர் குடுத்த காப்பீடு இல்லாட்டி என் பொண்டாட்டி வைத்தியத்துக்கு வீடே போயிருக்கும்னு சொன்ன மனுஷன்தானே நீங்க? மனசு குளிரப் பேசுங்கன்னா இப்படியா?" என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் வழியில் உன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் போட்டு உடைத்துவிட்டேன். சம்பந்திக்கு மரியாதை என்று ஆளுக்கு ஆள் மற்றவர் கட்சியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கத்தியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உன் அப்பா சிரித்துச் சிரித்து இருமினார், சம்பந்தி எழுந்து வந்து முதுகைத் தட்டினார். பிறகு அவரவர் கட்சிக்குத் திரும்பி இன்னும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள், ஒருவர் கிண்ணத்தை ஒருவர் நிரப்பிக்கொண்டே. நானும் ஹேரிமும் அப்போதுதான் மீனைத் தொட்டோம்.

கியூஹோ, இதை மட்டும் நிதானமாகப் படி. அந்தக் கிழவி, அந்த அட்டை, ஒரு முதலாளி கண் என்ற பேச்சு, இதெல்லாம் யாருடையது என்று உனக்குத் தெரியும். போன வருடத்துக்கு முந்திய சுசோக் பண்டிகையில், அப்பாவைப் பார்த்து, உங்களோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுச் சோற்றில் பாதியை மிச்சம் வைத்தபடி விமான நிலையத்துக்குக் கிளம்பினாயே, அதற்கு முன் நீ சொன்னவைதான். ஒரு சொல் மாறாமல் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மிளகாய்க் காரம் என்று துடைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் அவர். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "அவன் அன்னிக்கு அவ்ளோ பேசுனான், காதுல விழாமயா இருக்கும்? அதுக்காக அவன் சொன்னது சரின்னு ஆயிடாது" என்றார். ஓட்டை மாற்றிப் போடமாட்டார், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

நேற்றுக் காலை உன் அப்பா, ஹனோயிலிருந்து விமானம் நேராகத் தேகுவுக்கே வருமா, இன்சோனில் இறங்கித்தான் வர வேண்டுமா என்று கேட்டார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நீயே அவரைக் கூப்பிட்டுச் சொல்லப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா