படுத்துக்கொண்டே ஓடிய நாட்கள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், நீயும் கப்பலில் உன்னோடு இருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும். வழக்கமாக இந்த வரியைக் கை தானாகவே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், இந்த முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி எழுதியிருக்கிறேன். அம்மா பக்கத்து அறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து உன் சித்தியோடு வம்பளந்துகொண்டிருக்கிறாள், சிரிப்புச் சத்தம் இங்கே கேட்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. அவளுக்கு ஒரு பெரிய ஆபரேஷன் நடந்து இன்றோடு பதினான்கு நாள் ஆகிறது. உனக்குச் சொல்லாமல் இருந்தது நான்.

நீ கப்பல் ஏறின மறுவாரமே அவளுக்கு வயிறு சரியில்லை, முகம் வெளுத்துப் போயிருந்தது. ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது என்றார்கள், ஏன் குறைகிறது என்று தேடிக்கொண்டு போனதில் பெருங்குடலில் ஒரு கட்டி. புற்றுதான், ஆனால் பரவவில்லை போலத் தெரிகிறது, வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். நான் உடனே தேதி கேட்டேன். அவர் தேதி கொடுக்கவில்லை. "கட்டியை எடுக்கறது எங்க வேலை சார். அதுக்கப்புறம் தேறி வர்றது அம்மாவோட உடம்பு செய்யற வேலை. அதுக்கு அந்த உடம்புல தெம்பு இருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று கீழ்த் தளத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு நிற்கும் சைக்கிள், மிதித்தால் எங்கேயும் போகாது. அம்மாவை அதில் ஏற்றி, மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு முகமூடி மாட்டி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி மிதிக்கச் சொன்னார்கள். நிமிடத்துக்கு நிமிடம் பெடல் கனமாகிக்கொண்டே போகும். உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் போகிறது, வெளியே எவ்வளவு கரியமிலவாயு வருகிறது என்று பக்கத்துத் திரையில் கோடு ஓடுகிறது. இதை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது, பிசியோதெரபிஸ்ட். அம்மா அன்றே அவளுக்கு சைக்கிள் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஏழாவது நிமிடத்தில் அம்மாவால் முடியவில்லை. டீச்சர் அவளை இறக்கி உட்காரவைத்து, எண்ணைக் காட்டினாள். கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லி ஆக்சிஜன் என்று ஒரு கணக்கு, பதினொன்றுக்கு மேலே இருந்தால் தைரியமாகக் கத்தி வைக்கலாமாம், அம்மாவுக்கு எட்டு புள்ளி ஒன்பது. இது பாஸா ஃபெயிலா என்று கேட்டேன். "அப்படி இல்ல சார், கீழ இருந்தா ஆபத்து கொஞ்சம் கூடுது, அவ்வளவுதான்" என்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்ல நான் ஓடாத ஓட்டமா? இவரைக் கேளுங்க" என்றாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து சொன்னாள். "நீங்க ஓடறீங்க, நிக்கறீங்கம்மா. அடுப்புக்கும் கதவுக்கும் ஓடறதுக்குத் தசையில ரெடியா கொஞ்சம் சக்தி இருக்கும், சில நொடியில தீந்துடும். அப்புறம் சர்க்கரையை அவசரமா உடைச்சு ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஓட்டலாம், அதுக்கு ஆக்சிஜன் வேணாம், ஆனா கால் எரியும், மூச்சு இரைக்கும். அதைத் தாண்டி நிறுத்தாம போகணும்னா காத்து வேணும். நுரையீரல் எடுக்கணும், ரத்தம் தூக்கிட்டுப் போகணும், இதயம் தள்ளணும், தசைக்குள்ள இருக்கற சின்னச் சின்ன உலையில சர்க்கரையும் கொழுப்பும் அந்தக் காத்தோட சேந்து எரியணும். உங்களுக்கு அந்த உலை கம்மியாயிருக்கு, தூக்கிட்டுப் போற ரத்தமும் கம்மி." அந்த உலைக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயராம், என் நோட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். இன்ஜினோடு வாழ்கிற உனக்கு எண்ணெயையும் காற்றையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எரிந்த கொழுப்பு எங்கே போகும் என்று அம்மா கேட்டதற்கு, பெரும்பகுதி மூச்சுக்காற்றாகவே வெளியே போய்விடும் என்றாள். அம்மா அதை நம்பவே இல்லை, வீடு வரும் வரை கையை வாய்க்கு முன்னால் வைத்து ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷனுக்கு ஏன் சைக்கிள் என்றுதான் எனக்குப் புரியவில்லை, அதையும் கேட்டேன். வெட்டின இடம் ஆறுவதற்கும் கிருமியை எதிர்ப்பதற்கும் உடம்புக்குச் சாதாரணமாக வேண்டியதைவிட நிறைய ஆக்சிஜன் வேண்டுமாம், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தொடர்ந்து பல நாள். "படுத்துக்கிட்டே ஓடற மாதிரி சார். நடுவுல நிறுத்தி மூச்சு வாங்கிக்க முடியாது" என்றாள். நான்கு வாரம் தருகிறோம், அதற்கு மேல் கட்டி எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது, அதற்குள் அந்த எட்டு புள்ளி ஒன்பதை ஏற்றிக் காட்டுங்கள் என்றார்கள். ரத்தத்துக்காக இரும்புச் சத்தை நரம்பில் ஏற்றினார்கள். அன்று வீட்டுக்கு வந்து மூன்று மாடி ஏறும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அம்மா நின்று கைப்பையைத் திறந்து சாவியைத் தேடினாள். எத்தனை மாதமாகத் தேடுகிறாளோ தெரியவில்லை. சாவி என் சட்டைப் பையில் இருக்கிற நாட்களிலும் தேடியிருக்கிறாள். தண்ணீர் மீட்டர் படிக்க முப்பது வருஷம் ஊரில் உள்ள படிக்கட்டெல்லாம் ஏறி இறங்கியவன் நான், என் வீட்டுப் படிக்கட்டில் ஒருத்திக்கு மூச்சு முட்டுவது எனக்குத் தெரியவில்லை.

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி சைக்கிள், மற்ற நாளில் கால்வாய் ஓரமாக நடை. மூன்று நிமிடம் மெதுவாக, இரண்டு நிமிடம் வேகமாக என்று மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். வேகம் சரிதானா என்று பார்க்க, பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தாள். உன் அம்மா என்றைக்குப் பாடினாள்? நான் அவள் திட்டுவதை வைத்துக் கணக்குப் பண்ணிக்கொண்டேன். என்னை ஒரே மூச்சில் முழுசாகத் திட்டினால் வேகம் போதாது, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித் திட்டினால் சரியான வேகம், திட்டவே முடியாமல் முறைத்தால் குறைக்க வேண்டும். இரண்டு வாரம் இப்படி நன்றாகத்தான் போனது.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. முதல் பரிசோதனை அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "தம்பிக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்று சொன்னேன். நான் எழுதவில்லை. மூன்றாம் இன்ஜினியராக உனக்கு முதல் பயணம், நடுக்கடலில் இருக்கிறவன் இதைப் படித்துவிட்டு என்ன செய்வான், சுழல்கிற இயந்திரங்களுக்கு நடுவில் மனம் வேறு எங்கோ இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. இரண்டு முறை உட்கார்ந்தேன், 'அம்மாவுக்கு' என்ற சொல்லுக்கு அப்பால் பேனா போகவில்லை. எழுதாத வரைக்கும் அது நடக்காதது போலவே இருந்தது, அதுதான் நிஜம்.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில் உன் மெயில் வந்தது. சித்தி அதைத் தாளில் எடுத்து வந்து அம்மா கையில் கொடுத்தாள். சாப்பாடு பரவாயில்லை, இன்ஜின் அறையில் சூடு தாங்கவில்லை, டிவியைச் சரி பண்ணியாயிற்றா, மறுபடி அதே கடைக்காரனிடம் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதான். அம்மா இரண்டு முறை படித்தாள், மடித்தாள், அலமாரியில் உன் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் முழங்கால் வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் தலைவலி. நடக்கவும் வரவில்லை, சாப்பாட்டையும் குறைத்துவிட்டாள். டீச்சர் போன் செய்தபோது, "போதும்மா, இருக்கற உடம்போட வெட்டச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை, பயந்துவிட்டாள் என்றே நினைத்தேன். நான்காம் நாள் சித்திதான் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "அத்தான், அக்கா அழுவறா. புள்ள டிவியைப் பத்தி கேக்கறான், நான் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலைங்கறா" என்றாள்.

உடம்புக்கு எண்ணெயும் காற்றும் கொடுக்க ஆஸ்பத்திரி இருக்கிறது, மிதிக்க வேண்டும் என்ற ஆசையை நான் பிடுங்கிப் போட்டிருந்தேன். நேரே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அவனுக்குத் தெரியாது, நான் எழுதவே இல்லை, உன்னிடம் பொய் சொன்னேன்" என்று மூன்று வாக்கியம். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்துக் கத்துவாள் என்று நின்றேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு நாளா என் புள்ளைய நான் மனசுக்குள்ள என்னென்ன சொல்லியிருக்கேன் தெரியுமா" என்று மட்டும் சொன்னாள். உடனே எழுதுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். "இப்ப அவன் கடல்ல நடுவுல இருக்கான், அங்கேருந்து நீந்தியா வருவான்? எல்லாம் முடிஞ்சப்புறம் எழுதுங்க. நல்லபடியா முடிஞ்சாலும் சரி, முடியாட்டியும் சரி, ஒண்ணு விடாம எழுதணும். நீங்க பண்ணினதையும் சேத்து." பிறகு எழுந்து காலில் ஷூவை மாட்டிக்கொண்டாள். கால்வாய் ஓரம் அன்று அவள் நடந்த வேகத்துக்கு என்னால் கூடப் போக முடியவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, அதனால் வேகம் சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் பரிசோதனையில் பத்து புள்ளி ஏழு. பதினொன்று வரவில்லை என்று எனக்கு முகம் விழுந்துவிட்டது, அந்த நாலு நாளைக் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். டீச்சர் தாளை டாக்டரிடம் கொண்டுபோனாள், அவர் பார்த்துவிட்டு, ஏறியிருக்கிறதே, அது போதும், இனிக் காத்திருப்பதுதான் ஆபத்து என்று மறுநாளுக்கே தேதி கொடுத்தார். ஆபரேஷன் நாலு மணி நேரம். அன்று சாயங்காலமே அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, நுரையீரலின் அடியில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். கண்ணை மூடி அசையாமல் படுத்திருக்கிறாள், தலைமாட்டுத் திரையில் நாடித் துடிப்பு நூற்றுப் பதினெட்டு. மாடி ஏறுகிறவளுக்கு வரும் துடிப்பு, படுத்திருப்பவளுக்கு. டீச்சர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் கண் முன்னால் அவள் ஓடிக்கொண்டிருந்தாள், கூட ஓட முடியாமல் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் காலையும் மாலையும் வந்து, வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லி இருமவைத்தாள், ஆழமாக மூச்சு இழுக்கவைத்தாள், டியூப்களோடு வராந்தாவில் நடக்கவைத்தாள். வலியில் அம்மாவின் உதடு கோணியதே தவிர, முடியாது என்ற சொல் வரவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் அந்த எண் தொண்ணூற்றுக்கு இறங்கியது. கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். எடுத்த கட்டியைப் பரிசோதித்த முடிவு நேற்று வந்தது, வேறு எங்கும் பரவவில்லை, மருந்து ஏற்ற வேண்டியதில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும். நீ லீவு கேட்டு ஓடிவர வேண்டாம், ஒப்பந்தம் முடிந்து முறையாக வா. இந்தக் கடிதம் கம்பெனி ஆபீஸ் மூலமாக அடுத்த துறைமுகத்தில் உனக்குக் கிடைக்கும் என்றார்கள். படித்ததும் அவளுக்கு நேராக நீயே எழுது. என் மேல் கோபம் வந்தால் அதையும் எழுது, மறைக்காதே. எட்டு மணி நேரம் இன்ஜின் அறையில் நிற்பதை உடற்பயிற்சி என்று நினைத்துக்கொள்ளாதே, டெக்கில் தினமும் அரை மணி நேரம் நிறுத்தாமல் நட, நேரத்துக்குச் சாப்பிடு, வேர்க்கிற அளவுக்குத் தண்ணீர் குடி.

இன்னும் ஒன்று. இந்தக் கடிதத்தை அம்மா படித்துப் பார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்பது உத்தரவு, ஆகவே இதை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டாம் பரிசோதனை அன்று, அம்மா உடை மாற்றப் போயிருந்தபோது, நானும் அந்த சைக்கிளில் ஏறிப் பார்க்கட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன். முதலில் பிரஷர் பார்க்கிறேன் என்றாள், பார்த்தாள், இரண்டாம் முறையும் பார்த்தாள், பிறகு என்னை ஏறவிடவில்லை. டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு என் பர்ஸில்தான் இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் காட்டவில்லை.

எல்லா நலமும் பெற்று, போன இடமெல்லாம் பத்திரமாக இருந்து, நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

உன் அன்புள்ள,
அப்பா

படித்துவிட்டேன் தம்பி. சீட்டைப் பர்ஸிலிருந்து எடுத்துவிட்டேன். நாளைக் காலை எட்டு மணிக்குச் சித்தி இவரை அழைத்துக்கொண்டு போகிறாள். நான் நன்றாக இருக்கிறேன், நீ சாப்பிடு.
அம்மா