வெடி போடாமல் அனுப்பிய அக்காவுக்கு

என் ஆசை அக்கா,

நேற்று உன் ஊருக்கு வந்தேன். மார்கழித் தூறல் விட்டபாடில்லை. கண்மாய்க் கரையெல்லாம் சேறு. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். பைனாகுலருக்குள் தண்ணீர் இறங்கி, கருவேல மரங்களில் அடைந்திருந்த கூழைக்கடாவும் நாரையும் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தன. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஒவ்வொரு மார்கழிக்கும் நான் அபிராமத்திலிருந்து பறவை பார்க்க வருவேன். நீ குடையோடு கரைக்கு வந்துவிடுவாய். "அந்த மிசினைப் பைக்குள்ள போடுடா. இங்கன நின்னாலே எல்லாந் தெரியுது" என்பாய். மழை வலுத்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மனசு வராது, எனக்கு இல்லை, உனக்கு.

உங்கள் ஊரில் தீபாவளிக்கு ஏன் வெடி போடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அதுக பிள்ளப்பேறுக்கு வந்திருக்குதுக. பெத்துக் கெடக்குற வீட்டுல வெடி போடுவாகளாடா?" என்றாய். அதே நீதான், நம் பெரியம்மா செத்தபோது வெடிச் சத்தத்தில் அபிராமத்துத் தெருவே அதிர்ந்ததைப் பார்த்து, "போனா இப்படிப் போகணும்டா. எனக்கும் நீ இப்படிச் செஞ்சிரு" என்றாய். இரண்டில் எதை மனசாரச் சொன்னாய், அக்கா?

போன தையில் திடுதிப்பென்று போய்விட்டாய். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு ஒரு சாக்கு வெடியும் வாங்கிக்கொண்டு வேனில் வந்து இறங்கினேன். உன் ஊர் வழக்கம் தெரியாதவனா நான்? அழுத அழுகையில் அது நினைவிலேயே இல்லை. மச்சான் சாக்கைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்தார். "மாப்ள, அது வண்டியிலேயே கெடக்கட்டும். குஞ்சு பொரிச்சிருக்கு. சத்தம் கேட்டா தாய்ப் பறவைக எந்திரிச்சுப் போயிரும்." சொல்லி முடிக்கும் முன்னே அவரும் உடைந்துவிட்டார்.

கொட்டும் இல்லை, வெடியும் இல்லை. இந்தக் கரை வழியாகத்தான் உன்னைத் தூக்கிப் போனோம். "ஏலே, அநாதப் பொணமாட்டமா கொண்டு போறீங்க?" என்று சித்தப்பா கேட்டார். நீ வாய்விட்டுக் கேட்ட ஒன்றைக்கூடச் செய்யவில்லையே என்று, சாப்பிட உட்கார்ந்தால் இன்னும் பாதியிலேயே எழுந்துவிடுகிறேன். அந்தச் சாக்கு எங்கள் வீட்டுப் பரணில் அப்படியே கிடக்கிறது.

நேற்றும் அந்த நினைப்போடுதான் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை என்று பைனாகுலரைப் பைக்குள் போட்டேன். அப்புறம்தான் சத்தம் காதில் விழுந்தது. மரத்துக்கு மரம் குஞ்சுகள் இரை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற மச்சான், "இந்த வருசமும் விடாம வந்திருச்சுக மாப்ள. ஒங்கக்கா இருந்தா வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டா" என்றார். இரண்டு பேரும் நனைந்துகொண்டே நின்றோம். குடை எடுத்து வர எங்களுக்குத் தோன்றவே இல்லை. அது உன் வேலையாக இருந்தது.

அந்தச் சத்தம் உனக்குப் போதுமா? தெரியவில்லை. யாரிடம் கேட்பேன்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஊருக்குப் போனதும் அந்த வெடியைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவேன். அபிராமத்தில் வெடிக்குத் தடை இல்லை. ஆனாலும் என் மகனிடம் சொல்லி வைக்கிறேன், எனக்கும் வேண்டாமென்று. அக்காவுக்கு இல்லாதது தம்பிக்கு எதற்கு?

கோடியை மட்டும் போர்த்தி உன்னை அனுப்பிய
உன் தம்பி